காரைக்குடியில் பசுமைச் சான்று: அந்தக் காகிதத்தைக் கேட்பது யார்?

கேள்வி: காரைக்குடி கல்லூரிச் சாலைப் பக்கம், கீழே கடைகள், மேலே 40 அறை ஹோட்டல் என்று சுமார் 30,000 சதுர அடி கட்டப் போகிறோம். பங்குதாரர்களில் ஒருவர் கிரீன் சர்டிபிகேட் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். இன்னொருவர், சுவரில் மாட்டும் ஒரு தகட்டுக்கு இவ்வளவு செலவா என்கிறார். மற்ற முதலீட்டாளர்கள் எதைப் பார்த்து இதில் இறங்குகிறார்கள்? கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை விடுதியாக்கினால் அதற்கும் வாங்க முடியுமா?

பதில்:

பூமியைக் காப்பாற்றும் ஆசையில் மட்டும் சான்று வாங்குகிற முதலீட்டாளர்கள் மிகக் குறைவு. யாரோ ஒருவர் அந்தக் காகிதத்தைக் கேட்கிறார், கேட்பவர் கையில் வாடகையோ, கடனோ, அனுமதியோ இருக்கிறது, அதனால் வாங்குகிறார்கள். ஆகவே உங்கள் பங்குதாரர்கள் சண்டை போட வேண்டிய விஷயம் ‘சான்று நல்லதா’ என்பதல்ல. நம் கட்டடத்தில் அதைக் கேட்கப் போவது யார் என்பதுதான்.

சென்னை ஓ.எம்.ஆரில் இதற்கு விடை எளிது. வாடகைக்கு வருபவை பன்னாட்டு நிறுவனங்கள். கார்பன் கணக்கு காட்டும்படி தலைமையகம் நெருக்குகிறது. இந்தியாவிலும் பங்குச்சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022–23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்துவிட்டது. மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாம் அதில் எண்ணாகப் போக வேண்டும். 2019-ல் நாட்டின் முதல் ரெய்ட் (பலரின் பணத்தைத் திரட்டி வாடகைக் கட்டடங்களில் போடும் நிதி) பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பிறகு அலுவலகக் கட்டடங்களைப் பெரும் நிதிகள் வாங்கி விற்கின்றன. அவர்களிடமும் பணம் போட்டவர்கள் கேள்வி கேட்கிறார்கள். தகடு இல்லாத கட்டடம் அங்கே பேச்சுவார்த்தையின் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

காரைக்குடியில் உங்கள் தரைத்தளத்துக்கு வரப்போவது நகைக்கடை, ஜவுளிக்கடை, ஒரு வங்கிக் கிளை. அவர்கள் கேட்பது முகப்பு எத்தனை அடி, கார் நிறுத்த இடம் உண்டா, மூன்று ஃபேஸ் லைன் எவ்வளவு என்பதுதான். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுவது நீங்கள், குறைந்த ஈ.பி. பில் கட்டுவது கடைக்காரர். செலவு ஒருவருக்கு, லாபம் மற்றவருக்கு. வாடகைக் கட்டடங்களில் முதலீட்டாளர் கை பின்வாங்குவதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இது. வாடகை ஒப்பந்தத்தில் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு பங்கை மீட்டால் ஒழிய, கடைப்பகுதியில் மிச்சமாகும் மின்சாரம் உங்கள் கணக்கில் வராது.

ஹோட்டல் பகுதி நேர் எதிர். பில் கட்டுவது நீங்கள்; மிச்சமும் உங்களுக்கே. அதனால் சான்றுக்கான பணத்தை ஹோட்டல் பக்கம் குவியுங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஹோட்டல் ஆண்டுக்கு 3 லட்சம் யூனிட் எரிக்கும், யூனிட் சராசரி 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 லட்சம். வடிவமைப்பிலேயே கால் பங்கு குறைத்தால் ஆண்டுக்கு 7.5 லட்சம் மிச்சம். வருமானத்தை வைத்துச் சொத்தை மதிப்பிடுபவர் ஆண்டு வருமானம் விலையில் 9 சதவீதம் இருக்க வேண்டும் என்று பார்த்தால், அந்த 7.5 லட்சம் விற்பனை மதிப்பில் சுமார் 83 லட்சமாக நிற்கும். ‘ஈ.பி. பில்லில் கொஞ்சம் குறையும்’ என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பங்குதாரர் கூட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். இதில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது: 83 லட்சத்தைக் கொண்டுவந்தது மின்சிக்கனம், சான்று அல்ல. வாங்க வருபவர் உங்கள் வாய்ச்சொல்லை நம்பாமல் மூன்றாம் ஆள் சரிபார்த்த காகிதத்தை நம்புவார் என்பதே சான்றின் வேலை.

ஆலோசகர்கள் காட்டும் விளக்கப் படங்களில் ‘பசுமைக் கட்டடம் 16 சதவீதம் அதிக விலைக்கு விற்கும்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மூலம் உண்டு: ஐக்‌ஹோல்ட்ஸ், காக், குய்க்லி மூவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. சதுர அடி வாடகை சுமார் 3 சதவீதம், விற்பனை விலை சுமார் 16 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. ஆனால் அவை அமெரிக்க அலுவலகக் கட்டடங்கள். அந்த எண்ணைக் கல்லூரிச் சாலை ஹோட்டலின் கணக்கில் அப்படியே ஒட்ட வேண்டாம்.

அடுத்து கடன். வங்கிகள் பசுமை வைப்புத்தொகை, அதாவது பசுமைத் திட்டங்களில் போடுவதற்கான டெபாசிட், திரட்டுவதற்கான ரிசர்வ் வங்கி விதிமுறை 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணத்தைப் போடக்கூடிய இனங்களில் பசுமைக் கட்டடமும் ஒன்று. உள்ளூர்க் கிளை மேலாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம்; மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். வட்டி எவ்வளவு குறையும், வரைபட நிலையில் தரும் முன்சான்று போதுமா, இறுதிச் சான்று வேண்டுமா, கிடைக்காமல் போனால் பழைய வட்டிக்கே திரும்புமா என்பதைச் சான்றுக்குப் பதிவு செய்யும் முன் எழுத்தில் வாங்குங்கள். 5 கோடிக் கடனில் கால் சதவீதம் குறைந்தால் முதலாண்டில் 1.25 லட்சம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் கடன் முடியும்வரை வரும்.

அரசுச் சலுகைகளைப் பற்றி நிறையப் பேச்சு உண்டு. சான்று இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி விரைவில் கிடைக்கும் என்பார்கள். அந்த அனுமதியே 20,000 சதுர மீட்டரிலிருந்துதான் தேவை. உங்களுடையது ஏறத்தாழ 2,790. அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. பொருந்தக்கூடியது வேறொன்று: மின்சிக்கனக் கட்டட விதி, அதாவது ஈ.சி.பி.சி. இணைப்புச் சுமை (எல்லாச் சாதனங்களின் மொத்தத் திறன்) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட உச்ச அளவு) 120 கே.வி.ஏ. தொட்ட வணிகக் கட்டடம் அதன் வரம்புக்குள் வருகிறது. 40 ஏ.சி.க்கு 60 கிலோவாட், 40 கீசருக்கு 80, லிஃப்ட், பம்பு, சமையலறை, கீழே கடைகள் என்று கூட்டினால் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். திட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் இதை முதலில் கேட்டுவிடுங்கள். எப்படியும் செய்தாக வேண்டிய வேலையைச் சான்றின் கூடுதல் செலவாக எழுதினால் கணக்கு தப்பாகும். மழைநீர்ச் சேகரிப்பும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாகிவிட்ட ஒன்றுக்கு ஆலோசகர் தனியாக விலை போட்டால் கேள்வி கேளுங்கள்.

விருந்தினர் கேட்பாரா? செட்டிநாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் பயண முகவர் வழியாக வருகிறார்கள். முகவர்களிடம் கேள்வித்தாள் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஹோட்டலை நடத்தும் முறைக்கான சான்று: கிரீன் கீ, அல்லது உலக நிலைத்த சுற்றுலா மன்றமான ஜி.எஸ்.டி.சி.யின் அளவுகோலுக்கு உட்பட்ட ஏதாவது. துணி துவைப்பு, பிளாஸ்டிக், ஊழியர் நலன், உள்ளூர்க் கொள்முதல் எல்லாம் அதில் வரும். புக்கிங்.காம் 2024-ல் தன் சொந்த நிலைத்தன்மைக் குறியீட்டை விட்டுவிட்டு வெளிச் சான்றுகளை மட்டும் காட்டத் தொடங்கியது. கட்டடச் சான்று வாங்கிவிட்டு, முகவர் கேட்டது அதுவல்ல என்று பிறகு தெரிந்துகொள்வது வீண். விருந்தினர்தான் உங்கள் முதன்மைக் காரணம் என்றால் நடத்தும் முறைச் சான்றையே முதலில் பாருங்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பெருமை. பக்கத்து வீட்டை விட நம் முகப்பு உயரமாக இருக்க வேண்டும் என்று பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் இறக்கிய ஊர் இது. முகப்பில் கஜலட்சுமிச் சுதை நின்ற இடத்தில் இன்று சான்றின் உச்சப் படியான பிளாட்டினம் தகடு. அதில் தவறில்லை. ஆனால் பெருமைக்கான தொகையை விளம்பரச் செலவில் எழுதுங்கள், மின்சிக்கனக் கணக்கில் கலக்காதீர்கள்.

எந்தச் சான்று? லீட் அமெரிக்காவுடையது. அதன் 110 புள்ளிகளில் 40-க்குச் சான்று, 50-க்கு வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். வெளிநாட்டுக் குத்தகைதாரர் இல்லாத இடத்தில் அதற்கு அவசியம் தெரியவில்லை. க்ரிஹா என்பது தில்லி ஆற்றல் ஆய்வு நிறுவனமான டெரியும் மத்திய அரசும் சேர்ந்து உருவாக்கிய ஐந்து நட்சத்திர முறை. 2,500 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் அதன் எளிய வடிவமான ஸ்வக்ரிஹா போதும். நீங்கள் அந்த வரம்பைச் சுமார் 3,000 சதுர அடியில் தாண்டுகிறீர்கள், கவனியுங்கள். ஐ.ஜி.பி.சி. (இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்) இந்தியத் தொழில் கூட்டமைப்பான சி.ஐ.ஐ.யின் அங்கம், 2001-ல் தொடங்கியது. இங்கே ஆலோசகர் எளிதில் கிடைப்பது இதற்குத்தான். எட்ஜ் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யுடையது. ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பன் மூன்றிலும் 20 சதவீதம் குறைத்துக் காட்டினால் போதும். மென்பொருள் இணையத்தில் இலவசம். உங்கள் அளவுக்கு முதலில் எட்ஜில் வரைபட எண்களைப் போட்டுப் பார்ப்பதே சரி. ஒரு நாள் வேலை, யாருக்கும் பணம் தர வேண்டாம். எது என்றாலும் பதிவுக் கட்டணத்தைவிட ஆலோசகர் கட்டணமும் கட்டடம் எவ்வளவு மின்சாரம் எரிக்கும் என்று கணினியில் போடும் ஆற்றல் மாதிரிக் கணக்குச் செலவும்தான் பெரியவை. கட்டடம் பாதியாகச் சுருங்கினாலும் அவை பாதியாவதில்லை. சிறு முதலீட்டாளர்கள் ஒதுங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி, எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

முதல் தவறு, மேல்தளம் போட்ட பிறகு பதிவு செய்வது. கூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால் வெப்பக் கடத்தல் எண் (குறைந்தால் நல்லது) 3-க்கு மேல் போகும், ஈ.சி.பி.சி. கேட்பது 0.33. அதற்குச் சுமார் 80 மி.மீ. கனத்தில் எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பத்தடுப்பு நுரைப் பலகை வேண்டும். அதன்மேல் 50 மி.மீ. காரை, அதன்மேல் வெள்ளை ஓடு. ஆக மொட்டைமாடித் தரை 15 செ.மீ. உயரும். மாடிப்படி முடியும் கதவின் நிலைப்படி, மழைநீர் வடிகுழாயின் வாய், கைப்பிடிச்சுவர் உயரம் மூன்றும் இந்த 15 செ.மீ.யை முன்கூட்டி எண்ணி வைத்திருக்க வேண்டும். எண்ணாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் படிக்கட்டு வழியே இறங்கும். கடைசியில் பலகையைக் கைவிட்டுவிட்டு வெள்ளைப் பெயின்ட் அடித்துச் சமாளிப்பார்கள். ஒன்றிரண்டு ஆண்டுப் புழுதியில் அதன் குளிர்ச்சி மங்கிவிடும்.

இரண்டாவது கண்ணாடி முகப்பு. மேற்குப் பார்த்த முகப்பில் முழுக்கச் சாதாரணக் கண்ணாடி போட்டால் அதில் விழும் வெயில் வெப்பத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் உள்ளே வரும். நம் பகுதி போன்ற வெப்ப ஈரக் காலநிலைக்கு விதி அனுமதிப்பது 27 சதவீதம். அந்தத் தரத்துக் கண்ணாடி விலை அதிகம். கண்ணாடிப் பரப்பைக் குறைத்து, வெளியே நிழல் தரும் தாழ்வாரம் கொடுத்தால் மலிவான கண்ணாடியே போதும். கடைக்காரர் ‘ஷோ’ வேண்டும் என்பார். தரைத்தளத்துக்கு மட்டும் கொடுங்கள்.

தண்ணீரில் கவனிக்க வேண்டியது கடினத்தன்மை. இருவர் தங்கும் 40 அறை, ஆளுக்கு நாளைக்கு 180 லிட்டர், 60 சதவீத நிரம்பல் என்றால் தினம் சுமார் 8,600 லிட்டர். குறைநீர்க் குழாய்களால் 30 சதவீதம் மிச்சப்பட்டால் ஆண்டுக்குச் சுமார் 940 கிலோலிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி 78 நடை. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் போர்த் தண்ணீரின் உப்பு அந்தக் குழாய்களின் வாயில் உள்ள காற்றுக்கலப்பு முனைகளைச் சில மாதங்களிலேயே அடைத்துவிடும். ஊழியர் முனையைக் கழற்றித் தூர எறிவார், சேமிப்பும் போய்விடும். மென்னீராக்கும் கருவியும், மாதம் ஒருமுறை முனைகளை எலுமிச்சை அமிலத்தில் ஊற வைக்கும் வேலையும் திட்டத்திலேயே இருக்கட்டும். மழையை எடுத்துக்கொண்டால், 700 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 900 மி.மீ., ஐந்தில் நாலு பங்கு கைக்கு வரும் என்று வைத்தால் சுமார் 500 கிலோலிட்டர். உங்கள் ஆண்டுத் தேவையில் ஆறில் ஒரு பங்கு. அந்தக் கூரையிலேயே சோலாருக்கும் இடம் வேண்டும்: கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர். 30 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 43,000 யூனிட் போல வரும். தண்ணீர்த் தொட்டியையும் ஏ.சி. வெளிப்பெட்டிகளையும் வடக்கு ஓரத்தில் ஒதுக்காமல் விட்டால் நிழல் விழுந்து அதில் ஒரு பகுதி போகும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) தனிக்கதை. மார்கழி, தையில் அறைகள் நிறையும். சித்திரை, வைகாசியில் காலியாகக் கிடக்கும். உச்ச அளவுக்கு வாங்கிய எஸ்.டி.பி.யில் கோடையில் கழிவுநீர் போதாமல் நுண்ணுயிர் செத்து, சீசன் தொடங்கும் வாரத்தில் நாற்றமெடுக்கும். இரண்டு சிறு அலகுகளாகப் பிரித்து வாங்கினால் ஒன்றை நிறுத்தி வைக்கலாம். பின்பக்கம் இடம் இருந்தால் செடிகளின் வேர் வழியே தண்ணீரைச் சுத்தமாக்கும் வேர்மண்டல வடிகட்டல் ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும், மின்சாரமும் அதிகம் கேட்காது.

கடைசியாக ஆவணம். மேல்மண்ணை ஒதுக்கிக் குவித்தது, கட்டுமானத்தின்போது மண் அரிப்பைத் தடுத்தது இவற்றுக்கெல்லாம் தேதியிட்ட படம் வேண்டும். அந்த வாரம் எடுக்காவிட்டால் பிறகு எடுக்க வழியில்லை. பெயின்ட் டப்பா, எரிசாம்பல் கல், சிமென்ட் எல்லாவற்றுக்கும் உற்பத்தியாளர் கடிதமும் பில்லும் வேண்டும். மேஸ்திரி எங்கோ மலிவாக வாங்கிவந்த ஒரு லோடு கல் இரண்டு புள்ளியைக் கொண்டுபோகும். பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குத் தூணும் கதவும் வாங்கிப் பொருத்தினால் ‘மறுபயன்பாடு’ புள்ளி கிடைக்கும். ஆனால் பில் இல்லாமல் வாங்கிய தூண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் புள்ளி இல்லை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறிப் பதப்படுவது. பக்கத்து ஊரிலிருந்து வருவதால் உள்ளூர்ப் பொருள் புள்ளிக்கும் உதவும். பட்டறையிலிருந்து எடை, அளவு, ஊர் போட்ட ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கானாடுகாத்தான் வீடு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் விருந்தினர் தேடி வருவார்கள், ஆனால் பசுமைச் சான்றுக்கு அதில் ஒரு புள்ளியும் இல்லை. சான்றுக்கு உதவுவது வீட்டின் உடம்புதான். முகப்பிலிருந்து பின்கட்டுவரை நேர்கோட்டில் திறக்கும் வாசல்கள், வெப்பக் காற்று மேலேறிப் போகும் வளவு (வீட்டின் நடுவில் வானம் பார்த்த) முற்றம், பகல் வெயிலை இரவுவரை தாமதப்படுத்தும் கனத்த சுவர், அடுக்கடுக்கான நாட்டு ஓடு. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கி, மிச்சம் ஊருணிக்குப் போக வழி வைத்த ஊர். எட்ஜ் முறையில் இருக்கிற சுவரையும் தளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டால் அந்தப் பகுதியின் பொருள் கார்பன் பூஜ்யமாகக் கணக்காகும். மூன்றில் ஒரு தேர்வு கிட்டத்தட்ட கைக்கு வந்த மாதிரி.

அந்த நன்மையைக் கெடுப்பது நாமே. வளவை ஒட்டிய அறையில் ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுவார்கள், மேலே காற்றுப் போக்கியும் மரப்பலகை இடுக்கும் திறந்தே கிடக்கும், குளிர் முற்றத்துக்குப் போகும். அறைக்குள் குளியலறை வேண்டும் என்று சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசி டைல் ஒட்டுவார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் மறுபக்கம் ஏறி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தப் பழைய பூச்சு உப்புப் பூத்து உதிரும். குளியலறைகளைப் பின்கட்டில் தனிச் சுவராக, பழைய சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கிக் கட்டுவதே பாதுகாப்பு. ஏ.சி. அறைகளை மாடியில் ஒரே பக்கம் ஒதுக்கி, அங்கே மட்டும் இடுக்குகளை அடைத்தால் போதும். வளவும் அதை ஒட்டிய கூடமான பட்டாலையும் மின்விசிறியிலேயே இருக்கட்டும்.

வழி எது என்பதிலும் சிக்கல் உண்டு. ‘இருக்கும் கட்டடம்’ என்ற பிரிவில் விண்ணப்பிக்கப் பொதுவாக 12 மாதம் இயங்கியதற்கான மின்சார, தண்ணீர்க் கணக்கு கேட்பார்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் ஈ.பி. பில் குறைந்தபட்சக் கட்டணத்தைத் தாண்டியிருக்காது. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆகவே பெரும் புதுப்பிப்பு என்ற வகையில் இப்போதே போகலாம், அல்லது ஓராண்டு நடத்திவிட்டுப் போகலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். முதல் ஆண்டில்தான் எந்த அறை வெந்து போகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். எதுவானாலும் விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். பங்காளிகள் பத்துப் பேர் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தால், ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் வாங்கும் வேலை சுவர் வேலைக்கு முன்னால் வரும். அதோடு சமையலறை, ஏ.சி. அறைகள், பம்பு மூன்றுக்கும் தனித்தனி துணை மீட்டர் மாட்டி, மாதம் பிறந்தால் எண்ணைக் குறித்து வரச் சொல்லுங்கள். அந்த மூன்று வரிசை எண்கள் கையில் வந்ததும் ஆலோசகரைக் கூப்பிட்டால் போதும்.